மேடை இல்லாத ஊரில் ராக் இசை: சுங்கை சிப்புட்டில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ராக் இசையை நேரில் எங்கே கேட்கலாம் என்று ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர்களும், மேற்படிப்பை முடித்துத் திரும்பிய பிள்ளைகளும், தோட்டத்திலிருந்து தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த இளைஞர்களும் என்னிடம் கேட்பதுண்டு. வாரந்தோறும் ஒரு குழு வாசிக்கும் அரங்கு என்று இந்த ஊரில் கைகாட்ட ஒரு கட்டடம் கிடையாது. ஆனால் இசை இருக்கிறது. கடைவீட்டு மாடியில் இருக்கும் பயிற்சி அறை, தோட்டத்துப் பாலாய் ராயா என்னும் சமூகக் கூடம், கல்யாண மண்டபம், கோயில் திருவிழா மேடை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஈப்போ ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் நம் வட்டாரத்தின் அரங்கு. இவற்றை எந்த வரிசையில் அணுகினால் ஆறு மாதத்திற்குள் நீங்களும் இந்த வட்டத்தில் ஒருவராக முடியும் என்பதை, பல ஆண்டுகளாக இதில் புழங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கிதாரைத் தோளில் மாட்டியவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, இது நம் இசையா என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்திருப்பது நல்லது. 1961இல் இங்கிலாந்தின் ஷேடோஸ் குழு சிங்கப்பூருக்கு வந்து வாசித்த பிறகு மலாயா முழுவதும் கிதார் குழுக்கள் முளைத்தன. மலாய் மொழியில் அவற்றைக் கூகிரான் என்று அழைத்தார்கள். 1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய செர்ச், அதன்பின் வந்த விங்ஸ் போன்ற குழுக்கள் எண்பதுகளில் இந்த நாட்டு ராக் இசைக்கு ஒரு தனிக் குரலைக் கொடுத்தன. பினாங்கின் அலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள். அவர்களுடையது மென்மையான பாப் இசை என்றாலும், கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு மலாய்ப் பாடல்களால் நாட்டையே கட்டிப்போட்ட தமிழர்கள் அவர்கள். 2007இல் லோகநாதன் காலமானபோது மலாய், சீன, தமிழ் வீடுகள் மூன்றிலும் வருந்தினார்கள். ஆகவே இது யாரோ ஒருவருடைய இசை அன்று என்று உங்கள் அப்பாவிடம் தயங்காமல் சொல்லலாம்.

முதற்படி: பயிற்சி அறையைத் தேடிப் போங்கள்

இங்கே எல்லாரும் ஜாம் ஸ்டூடியோ என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் கடைவீட்டு மாடியில் ஓர் அறை. சுவரில் பழைய கம்பளமும் பஞ்சும். ஒரு டிரம் செட், இரண்டு கிதார் ஆம்ப் (ஒலியைக் கூட்டும் பெட்டி), ஒரு பேஸ் ஆம்ப், இரண்டு மைக். மணிக் கணக்கில் வாடகை; நான் போய்வந்த அறைகளில் ஒரு மணிக்கு 20 முதல் 40 ரிங்கிட் வரை வாங்கினார்கள். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும்.

வாசிக்கத் தெரியாவிட்டாலும் அங்கே போகலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. வாசலில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். உள்ளே வாசித்து முடித்து வெளியே வருகிறவர்களிடம் அடுத்து எங்கே நிகழ்ச்சி என்று கேளுங்கள். மலாய்ப் பையன்களாக இருந்தால் பாங் என்றும், நம்மவர்களாக இருந்தால் அண்ணே என்றும் கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கினால் போதும். சுவரொட்டியில் வராத தகவலெல்லாம் அந்தப் பெஞ்சில் கிடைக்கும். டிரம்மர் இல்லாமல் தவிக்கும் குழுவையும், குழு இல்லாமல் தவிக்கும் டிரம்மரையும் அறிந்தவர் அறையை நடத்துகிறவர். அவரிடம் உங்கள் பெயரையும், என்ன வாசிப்பீர்கள் என்பதையும் உண்மையாகச் சொல்லி வையுங்கள். ஆறு மாதமாகத்தான் கிதார் பழகுகிறேன் என்பவனுக்கு இடம் கிடைக்கும். எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு முதல் பாட்டில் தடுமாறுகிறவனை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

முன்பதிவு செய்த நேரத்திற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். சுருதியை வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு வந்தால் வாடகை நேரம் வீணாகாது. டிரம்ஸ் வாசிக்கிறவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஸ்னேர் என்னும் சிறு முரசு, சிம்பல் என்னும் தட்டு, காலால் மிதிக்கும் பெடல் ஆகியவற்றைச் சொந்தமாகக் கொண்டுவருவதுதான் நிகழ்ச்சிகளில் வழக்கம். உடையக்கூடியதும் கிழியக்கூடியதும் அவரவர் பொறுப்பு; மீதி டிரம் செட்டும் ஆம்புகளும் எல்லாக் குழுக்களுக்கும் பொது.

இரண்டாம் படி: ஈப்போவுக்குப் போய்க் கேளுங்கள்

நம் வட்டாரத்தில் சொந்தப் பாடல்களை வாசிக்கும் குழுக்களைக் கேட்க ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். அங்கே போர்ட் எனப்படும் கலை மையமும், பழைய நகரத்துக் கடைவீடுகளில் சிறு அளவில் நடக்கும் கூடங்களும் உள்ளூர்க் குழுக்களுக்கு இடம் கொடுத்து வந்திருக்கின்றன. சிறு கூடங்கள் திறப்பதும் மூடுவதும் அடிக்கடி நடப்பதால், கட்டடத்தை நம்பாமல் குழுக்களின் சமூக ஊடகப் பக்கங்களைப் பின்தொடருங்கள். இன்னும் தொலைவு போக முடிந்தால் ஜோர்ஜ் டவுனின் சவுண்ட்மேக்கர், பெட்டாலிங் ஜெயாவின் மெர்டேக்கார்யா போன்ற அரங்குகளின் பெயர்கள் இந்த வட்டத்தில் அடிக்கடி காதில் விழும்.

நுழைவுக் கட்டணம் சிறு நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் 15 முதல் 30 ரிங்கிட் வரை இருக்கும். நண்பர் வாசிக்கிறார் என்பதற்காக இலவசமாக உள்ளே விடச் சொல்லாதீர்கள். ஒலிக்கருவி வாடகையும் வெளியூரிலிருந்து வந்த குழுவின் பெட்ரோல் காசும் அந்தக் கட்டணத்திலிருந்துதான் போக வேண்டும். பல நிகழ்ச்சிகள் பிற்பகலில் தொடங்கி, மாலைத் தொழுகை நேரத்தில் இடைவேளை விட்டு, இரவில் முடிகின்றன. சுங்கை சிப்புட்டில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் நிகழ்ச்சி முடியும் நேரத்தில் திரும்புவதற்கு வண்டி இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மழைக்கோட்டை மறக்க வேண்டாம். பிள்ளை வீடு வந்து சேரும் வரை அம்மா விழித்திருப்பார் என்பதால், யாருடன் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதைச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த முறை அனுமதி எளிதில் கிடைக்கும்.

கூட்டத்தின் முன்பகுதியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்த்துப் புதியவர்கள் சண்டை என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கும் ஒழுங்கு உண்டு: விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும், ஆட விரும்பாதவரை இழுக்கக் கூடாது, பெண்கள் மீது கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட விருப்பமில்லையென்றால் ஒலி இயக்குநரின் மேசைக்கு அருகே நில்லுங்கள். அங்கேதான் ஒலியும் சீராகக் கேட்கும்.

காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுதலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது தொழில் நலத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 100 டெசிபெல்லில் அது கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இசை அரங்குகளின் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. தகரக் கூரை போட்ட சிறிய மண்டபத்தில் டிரம்ஸுக்கு அருகே நிற்கிறவர் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுவார். காதுக்குள் கேட்கும் இரைச்சல் ஒருமுறை நிலைத்துவிட்டால் பிறகு பெரும்பாலும் போவதில்லை.

மூன்றாம் படி: குழுவும் சொற்களும்

மூன்று பேர் சேர்ந்தால் குழு தொடங்கலாம். முதல் மூன்று மாதம் பிறருடைய பாடல்களையே வாசியுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு தமிழில் ஒரு சொந்தப் பாட்டாவது எழுதுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். ராக் இசைக்குத் தமிழ் ஒத்துவராது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. ஒத்துவராதது தமிழ் அன்று, ஆங்கிலப் பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதில் தமிழ்ச் சொற்களைத் திணிப்பதுதான்.

ஆங்கிலச் சொல்லில் ஓர் அசையை அழுத்திச் சொல்வதால் தாளம் பிறக்கிறது. தமிழில் குறிலும் நெடிலும்தான் தாளம். தாளத்தின் பலமான அடியில் நெடிலையோ மெய்யோடு முடியும் அசையையோ வையுங்கள். ஓடிப்போகும் இடங்களில் குறில்களை அடுக்குங்கள். குறிலை நீட்டினால் பொருளே மாறிவிடும். ஒரு பையன் தன் பாட்டில் ‘கல்’ என்ற சொல்லை இரண்டு அடிக்கு நீட்டிப் பாடினான். கேட்டவர்களுக்கெல்லாம் ‘கால்’ என்றே விழுந்தது. ‘உடைந்த கல்’ என்று உருக்கமாக எழுதியவனிடம், யாருக்குக் கால் உடைந்தது என்று கேட்டார்கள். அதே வரியை ‘பாறை’ என்று மாற்றியதும் நெடில் தானாகவே அடியில் வந்து உட்கார்ந்தது. குரலைக் கூட்டாமலே பாட்டுக்குக் கனம் ஏறிவிட்டது.

வல்லினத்தையும் பயன்படுத்துங்கள். க, ச, ட, த, ப, ற இரட்டித்து வரும் இடங்கள், வெட்டு, பற்று, தட்டு, முறுக்கு போன்ற சொற்கள், ஸ்னேர் விழும் அதே இடத்தில் விழுந்தால் டிரம்மருக்கு இன்னொரு கை கிடைத்தது போலிருக்கும். நம் வீடுகளில் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போனவர்களின் பேச்சில் பாட்டுக்கேற்ற சொற்கள் நிறைய உண்டு: விடியற்காலை பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு), மங்கு (பால் ஏந்தும் கிண்ணம்), வாளி, உளி, கித்தாக்காடு (ரப்பர்த் தோட்டம்). பாட்டிகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த நகரத்துக் குழுவுக்கும் கிடைக்காத சொற்களஞ்சியம் நம் லயத்து வீடுகளில் கிடக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஆட்கள் தாமான்களுக்குச் சிதறிய கதையைப் பாட்டில் சொல்ல நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நான்காம் படி: கல்யாண மண்டபத்தை ஏளனம் செய்யாதீர்கள்

ராக் பழகும் இளைஞர்களில் சிலருக்கு உறுமி மேளக் குழுக்களையும், கல்யாண வீட்டில் திரைப்பாடல் வாசிக்கும் இசைக்குழுக்களையும் கண்டால் இளக்காரம். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். நம் ஊரில் ஒலிபெருக்கி, ஒலிகளைக் கலக்கும் மிக்சர், மேடை, ஜெனரேட்டர் ஆகிய அனைத்தும் அவர்களிடம்தான் இருக்கின்றன. மூன்று மணி நேரம் தாளம் பிசகாமல் வாசிக்கும் கைகளும் அவர்களிடம்தான் இருக்கின்றன. ஒரு கல்யாணப் பருவம் முழுவதும் ஒலி அமைப்பாளர் ஒருவருடன் கேபிள் சுற்றப் போங்கள். எட்டு வடிவத்தில் கேபிளைச் சுற்றுவது, மைக் ஊளையிட்டால் எந்தப் பொத்தானைக் குறைப்பது, மேடையில் இருப்பவருக்குத் தன் குரல் கேட்காதபோது என்ன செய்வது என்பதெல்லாம் காசில்லாமல் கற்றுக்கொள்ளலாம். பிறகு நீங்கள் நிகழ்ச்சி நடத்தும்போது, கேட்ட விலையைக் குறைத்துக் கருவியைத் தருகிறவரும் அதே அண்ணனாகத்தான் இருப்பார்.

ஐந்தாம் படி: நீங்களே ஒரு நிகழ்ச்சி நடத்துவது

நான்கு குழுக்கள், நூறு பேர், ஒரு பிற்பகல். முதல் நிகழ்ச்சிக்கு இது போதும். நோன்பு மாதத்தையும், தைப்பூசம் முதலிய திருவிழாக்களையும், பள்ளித் தேர்வுக் காலத்தையும் தவிர்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் தாள் வேலை. பொது நிகழ்ச்சிகளுக்கான பொழுதுபோக்கு உரிமம் ஒவ்வொரு மாநிலத்திலும் அந்த மாநிலத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் நிர்வாகத்தில் இருப்பதால், மண்டபம் உறுதியானவுடன் அங்கே போய் எந்தெந்தப் படிவம் வேண்டும், எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். காவல் நிலையத்திலும் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குழுவை அழைப்பதாக இருந்தால் தொடர்பு அமைச்சின் கீழுள்ள புஸ்பால் குழுவின் அனுமதியும் தேவை. முதல் நிகழ்ச்சியில் அந்தச் சுமை வேண்டாம். பிறருடைய பாடல்களை மேடையில் வாசிப்பதற்கு, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமையைக் காக்கும் எம்.ஏ.சி.பி. அமைப்பின் உரிமம் வேண்டும்.

இதையெல்லாம் ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இந்த நாட்டில் ராக் ரசிகர்கள் பட்ட பாட்டிற்கு வரலாறு உண்டு. 1992இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்றத் தடை வந்து, புகழ்பெற்ற பாடகர்களே முடியை வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலையில் இருந்த போல்ஸ் பிளேஸ் அரங்கில் காவல் துறை புகுந்து ஏறக்குறைய 380 பேரைப் பிடித்துச் சென்றது. 2015 ஆகஸ்டில் அம்பாங்கின் ரூமா ஆப்பியில் ஏறக்குறைய 160 பேர் பிடிபட்டார்கள். பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகள் அவர்கள். முத்திரையிட்ட கடிதம் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசலில் வந்து நிற்கும் அதிகாரியிடம் பேச்சைத் தொடங்க அது உதவும். போதைப்பொருளும் மதுவும் உள்ளே வரக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மண்டபத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு முதல் நாளே நேரில் போய், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்போம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்; அருகில் சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) இருந்தால் பாங்கு ஒலிக்கும் நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்தில் இசையை முழுவதும் நிறுத்துங்கள்.

அடுத்தது மின்சாரம். இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நாங்கள் ஒரு பழைய தோட்டத்து மண்டபத்தில் நிகழ்ச்சி வைத்தபோது, ஒலிச் சோதனையில் எங்கள் கிதார் வாசிப்பவன் பாடுவதற்காக மைக்கில் உதடு வைத்தான். சட்டென்று நீலப் பொறி ஒன்று பறந்தது. கிதாரோடு அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டான். உதட்டில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. மின்சாரம் பார்க்கும் டெஸ்ட் பென்னைக் கிதார்க் கம்பியில் வைத்துப் பார்த்தோம், விளக்கு எரிந்தது. காரணம் எளியது: கிதாரின் கம்பிகள் ஆம்பின் நிலத்தொடுப்போடு (எர்த்) இணைந்திருக்கின்றன, மைக்கின் வலைக்கூடு மிக்சரின் நிலத்தொடுப்போடு இணைந்திருக்கிறது. ஆம்ப் செருகியிருந்த சுவர்ப் பிளக்கில் நிலத்தொடுப்புக் கம்பி எப்போதோ அறுந்துபோயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த மின்னழுத்த வேறுபாடு அவன் உதடு வழியாக ஓடிவிட்டது. அன்றைக்கு அவன் ரப்பர்ச் செருப்புப் போட்டிருந்தான். வெறுங்காலோடு ஈரச் சிமெண்டுத் தரையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க அஞ்சுகிறேன்.

ஆகவே மண்டபத்தைப் பார்க்கப் போகும்போதே உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். மேடைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் நிலத்தொடுப்புச் சரியாக உள்ள ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். மின்கசிவுத் துண்டிப்பான் மின்பெட்டியில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்று பாருங்கள். இரைச்சல் வருகிறது என்பதற்காக மூன்று கால் பிளக்கின் நிலத்தொடுப்பைத் துண்டிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மூன்றாவது, ஒலி. பாலாய் ராயாவின் தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் எல்லா ஒலியையும் திருப்பி அடிக்கும். சொற்கள் குழம்பிப் போகும். ஒலியைக் கூட்டினால் குழப்பமும் கூடும். டிரம்ஸுக்கு அடியில் கம்பளம் விரியுங்கள். பின்சுவரில் கனத்த திரைச்சீலையோ பழைய மெத்தையோ தொங்கவிடுங்கள். கிதார் ஆம்பைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் ஏற்றி, வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்பி வையுங்கள். அப்போது அவரே ஒலியைக் குறைத்துக்கொள்வார். பாடுபவரின் குரல் தெளிவாகக் கேட்கும் அளவை முதலில் நிறுத்திவிட்டு, மற்றவற்றை அதற்குக் கீழே கொண்டுவாருங்கள். பிற்பகல் மழை தகரத்தில் இறங்கினால் மட்டும் எந்த மிக்சராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த அரை மணி நேரத்திற்குச் சாப்பாட்டு இடைவேளை விடத் தயாராக இருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வசூலான தொகையை நிகழ்ச்சி முடிந்த அன்றே எல்லாக் குழுக்களின் முன்னாலும் எண்ணுங்கள். மண்டபம், கருவி, மின்பணியாளர் கூலி போக மிஞ்சுவதில் வெளியூர்க் குழுவுக்கு முதலில் பெட்ரோல் காசு கொடுங்கள். மிச்சமே இல்லாவிட்டாலும் கணக்கைக் காட்டுங்கள். சிலர் கணக்குக் காட்டாமல் போனதால்தான் இந்த வட்டாரத்தில் நல்ல குழுக்கள் இரண்டு வரவே மறுத்த காலம் ஒன்று இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மண்டபத்தை நீங்களே கூட்டுங்கள். தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கி, நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, சுவரில் ஒட்டிய நாடாக்களைச் சாயம் உரியாமல் எடுத்து, கழிப்பறையைக் கழுவிவிடுங்கள். மறுநாள் காலையில் சாவியைக் காவற்காரரின் கையில் நேரில் கொடுத்து, “ஐயா, ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்” என்று அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவர் தலையசைத்ததும், அடுத்த மண்டபத் தேதி எப்போது காலியாக இருக்கிறது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.